திரும்பி வரத் தெரிந்தவர்களின் கடல்

நம் பக்கத்துக் கடலில் காற்று ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறுகிறது. கச்சான் காற்றில் கிழக்கே பாய் விரித்துப் போன மரக்கலம், வாடை பிறந்ததும் அதே பாயை விரித்து ஊர் திரும்பிவிடலாம். இடைப்பட்ட மாதங்களில் போன துறைமுகத்திலேயே காத்திருக்கும் பொறுமை மட்டும் வேண்டும். சோழர் காலத்து வணிகர்களும், அவர்களுக்கு முன்பே அரபிக் கடலைக் கடந்த மாலுமிகளும் இந்தப் பருவக்காற்றின் ஒழுங்கை நம்பித்தான் தொலைவுக்குப் போனார்கள். பசிபிக் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் இத்தகைய உறுதி கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே காற்று கிழக்கிலிருந்தே வீசுகிறது. அந்தக் கடலின் தீவுகளில் மனிதர் குடியேறிய வரிசையோ மேற்கில் தொடங்கிக் கிழக்கு நோக்கிப் போகிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து முகத்தில் அடித்ததோ, அந்தப் பக்கமாகவே அவர்கள் போயிருக்கிறார்கள்.

இந்தக் குடியேற்றத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருபவன் என்ற முறையில், இதை வெறும் துணிச்சலின் கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. துணிச்சல் மட்டும் இருப்பவன் ஒருமுறை போவான். அவன் என்ன கண்டான் என்பது ஊருக்குத் தெரிய வராது. ஒரு தீவைக் கண்டுபிடிப்பதும் அதில் குடியேறுவதும் வெவ்வேறு செயல்கள். இரண்டுக்கும் நடுவே, கண்டவன் வீடு திரும்பிச் செய்தி சொல்லும் பயணம் ஒன்று இருந்தாக வேண்டும். நியூசிலாந்தின் தொல்லியலாளரும் பாய்மரப் படகோட்டியுமான ஜெஃப்ரி இர்வின் 1992-இல் விரிவாக வாதிட்டது இதைத்தான். எதிர்க்காற்றில் தேடப் போகிறவனுக்குப் போவது கடினம், திரும்புவது எளிது. தண்ணீரும் உணவும் பாதியாகக் குறைந்த நாளில் படகைத் திருப்பினால், அதுவரை தடுத்துக்கொண்டிருந்த காற்றே அவனை ஊருக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். காற்றின் போக்கிலே போனவனுக்குத்தான் ஆபத்து. இதை ஒருமுறை புரிந்துகொண்டால், கிழக்கு நோக்கிய அந்தப் படர்ச்சி முரட்டுத்தனமாகத் தெரியாது. மிகுந்த எச்சரிக்கையுள்ள மனிதர்களின் வேலையாகத் தெரியும்.

பப்புவா நியூ கினிக்கு வடகிழக்கே உள்ள பிஸ்மார்க் தீவுக்கூட்டத்தில், ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு புதுவகை மட்பாண்டம் தோன்றுகிறது. சீப்புப் பல் போன்ற கருவியால் ஈரமண்ணில் அழுத்திப் பதித்த நுணுக்கமான கோலங்களும், சில பாண்டங்களில் மனித முகங்களும் அதன் அடையாளம். நியூ கலிடோனியாவில் 1952-இல் அகழப்பட்ட ஓரிடத்தின் பெயரால் இதை லாப்பிட்டா என்கிறார்கள். சாலமன் தீவுகள் வரையிலான பகுதியில் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தனர். அங்கே ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். அதற்கு அப்பால் சுமார் 350 கிலோமீட்டருக்கு வெறுங்கடல். லாப்பிட்டா மக்களே அதை முதலில் கடந்தவர்கள். பின்பு வனுவாட்டுக்கும் ஃபிஜிக்கும் இடையே 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியையும் கடந்து, நான்கைந்து நூற்றாண்டுகளுக்குள் டோங்காவையும் சமோவாவையும் அடைந்துவிட்டார்கள்.

டோங்காவின் நுக்குலேக்கா என்ற இடத்தில், மரத்தைத் தேய்த்து மெருகேற்றப் பயன்பட்ட பவளத்துண்டு அரங்கள் கிடைத்தன. பவளத்தில் உள்ள யுரேனியம், தோரியம் அளவுகளைக் கொண்டு காலம் கணித்தபோது, முதல் குடியேற்றம் இன்றைக்கு 2,838 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்றும், அதில் பிழை கூட்டியோ குறைத்தோ 8 ஆண்டுகளே என்றும் 2012-இல் அறிவித்தார்கள். எழுத்தே இல்லாத ஒரு சமூகத்தின் வருகையை எட்டு ஆண்டு நுட்பத்தில் சொல்ல முடிகிறது என்பதை நான் இன்னமும் வியப்போடுதான் படிக்கிறேன்.

இந்த முதல் அலையிலேயே போக்குவரத்து இருவழியாக இருந்திருக்கிறது. நியூ பிரிட்டன் தீவின் தலாசேயா பகுதியில் கிடைக்கும் எரிமலைக் கண்ணாடிக் கல்லின் வேதியியல் கூறுகள் தனித்துவமானவை. அந்தக் கல் எங்கே கிடைத்தாலும் பிறந்த இடத்தைச் சொல்லிவிடும். அதிலிருந்து 2,000 கிலோமீட்டர் கிழக்கேயுள்ள சாந்தா குரூஸ் தீவுகளின் லாப்பிட்டா ஊர்களுக்கு அந்தக் கல் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. வனுவாட்டின் எஃபாத்தே தீவில் உள்ள தேயோமா இடுகாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையான எலும்புகளின் மரபணுவை 2016-இல் ஆராய்ந்தபோது, அவர்களது மூதாதையர் தைவான், பிலிப்பைன்ஸ் பக்கத்து மக்கள் என்பது தெரிந்தது. பப்புவா மரபின் சாயல் அவர்களிடம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் இன்றைய வனுவாட்டு மக்களின் மரபணுவில் பெரும்பகுதி பப்புவா மரபுடையது. முன்னோடிகள் திறந்த வழி அவர்களுக்குப் பின்னும் மூடப்படவில்லை. அதே வழியில் வேறு மக்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. சமோவாவுக்கும் டோங்காவுக்கும் வந்து சேர்ந்தவர்கள் அடுத்த 1,500 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிழக்கே குடியேறவில்லை. பாலினேசியப் பண்பாடு என்று நாம் இன்று அறிவது அந்த நீண்ட இடைக்காலத்தில்தான் உருவானது. மட்பாண்டம் செய்வதைக்கூட அவர்கள் மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். ஏன் நின்றார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உள்ளன. அடுத்த தீவுக்கூட்டம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்ததும், அத்தனை தொலைவைத் தாங்கும் இரட்டைப் படகு பின்னரே உருவானதும் ஒரு காரணம் என்பர் சிலர். எல் நினோ ஆண்டுகளில் கிழக்குக் காற்று தளர்ந்து மேற்குக் காற்று வீசும் நாள்களுக்காகக் காத்திருந்தார்கள் என்பர் வேறு சிலர். குக் தீவுகளில் ஒன்றான அட்டியூவின் ஏரிச் சேற்றை ஆராய்ந்து 2020-இல் வெளியான முடிவு இன்னொரு தடயத்தைத் தருகிறது: சுமார் பொ.ஆ. 900-ஐ ஒட்டி அங்கே மனிதக் கழிவின், பன்றிக் கழிவின் வேதிச் சுவடுகள் முதன்முதலாகத் தோன்றுகின்றன. அதே காலத்தில் தென்மேற்குப் பசிபிக்கில் நீண்ட வறட்சி நிலவியது. எனக்கு இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை. வறட்சி மக்களைக் கிளப்பியிருக்கலாம். ஆனால் அவர்களைத் தாங்கிச் செல்லப் படகும் தோதான காற்றும் இருந்திருக்க வேண்டும்.

தயக்கம் விலகியபின் நடந்தது மிக வேகமானது. 2011-இல் வெளியான கரிமக் காலக்கணிப்புத் தொகுப்பு ஒன்று, ஐயத்துக்கிடமான மாதிரிகளை ஒதுக்கிவிட்டுக் குறுகிய ஆயுளுள்ள தாவரப் பொருள்களை மட்டும் கணக்கில் எடுத்தது. அதன்படி தாஹிட்டியை உள்ளடக்கிய சொசைட்டி தீவுகளில் பொ.ஆ. 1025-க்கும் 1120-க்கும் இடையே மனிதர் வந்தார்கள்; 1190-க்கும் 1290-க்கும் இடையே பாலினேசியா என்ற பெரும் முக்கோணத்தின் முனைகளான ஹவாய், ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு), நியூசிலாந்து ஆகிய மூன்றும் எட்டப்பட்டுவிட்டன. முன்பு பாடநூல்களில் பல நூற்றாண்டுகளாக நீட்டிச் சொல்லப்பட்ட செயல் மூன்று நூற்றாண்டுகளுக்குள் சுருங்கிவிட்டது. ஓரிரு நூற்றாண்டு முன்பின்னாக இன்னமும் வாதங்கள் உள்ளன என்றாலும், பெரிய படம் மாறவில்லை. நியூசிலாந்தைப் பொறுத்தவரை இதை உறுதிசெய்தது ஓர் எலி. மனிதரோடு படகில் வந்த பசிபிக் எலி கடித்துப் போட்ட விதைகள் சதுப்பு மண்ணில் புதைந்து கிடந்தன. அவற்றில் எதுவும் 13-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இல்லை.

இவ்வளவு சான்றுகள் சேர்வதற்கு முன், அதாவது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இந்தத் திறமையை அந்த மக்களுக்கே மறுக்கும் இரண்டு கருத்துகள் செல்வாக்கோடு இருந்தன. நார்வேயின் தோர் ஹெயர்டால் 1947-இல் பெருவிலிருந்து பால்சா மரத் தெப்பத்தில் புறப்பட்டு, 101 நாள்களில் டுவாமோட்டு தீவுக்கூட்டத்தின் ராரோயா பவளத்தீவில் கரை ஒதுங்கினார். காற்றோடும் நீரோட்டத்தோடும் மிதந்து தென்னமெரிக்கர் வந்து குடியேறியிருக்கலாம் என்பது அவரது வாதம். அவருடைய தெப்பத்தைக் கரையிலிருந்து ஐம்பது கடல்மைல் தூரம் பெருவின் கடற்படைக் கப்பல் இழுத்துச்சென்று விட்டது என்ற செய்தி, அந்தச் சாகசத்தைப் புகழ்பவர்கள் வாயில் அவ்வளவாக வருவதில்லை. மற்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷார்ப். கருவி இல்லாமல் முந்நூறு மைலுக்கு மேல் திட்டமிட்டுப் போய்த் திரும்ப முடியாது என்றும், தொலைதூரத் தீவுகளுக்கு வந்தவர்கள் புயலில் வழிதவறியவர்களே என்றும் 1956-இல் எழுதினார்.

ஷார்ப்பைப் பலர் இனவாதி போலச் சித்திரிக்கிறார்கள். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபமில்லை, ஏனென்றால் அவர் எழுப்பிய கேள்வி நேர்மையானது. அதற்கு விடை தேடும் முயற்சியில்தான் நல்ல ஆய்வுகள் பிறந்தன. 1973-இல் கணினியில் பசிபிக்கின் காற்றையும் நீரோட்டத்தையும் ஏற்றி, ஆயிரக்கணக்கான படகுகளைச் சும்மா மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். மத்திய பாலினேசியாவிலிருந்து மிதந்த படகு எதுவும் ஹவாயை அடையவில்லை. நியூசிலாந்துக்கும் ராப்பா நூயிக்கும் மிதந்து சேரும் வாய்ப்பும் இல்லையென்றே ஆனது. மேலும், வழிதவறிய மீன்பிடிப் படகில் பெண்கள் இருந்திருக்கமாட்டார்கள். சேப்பங்கிழங்கின் நடுகிழங்கும், ஈரப்பலாவின் வேர்க்கன்றும், குட்டி போடும் பன்றியும், அடைகாக்கும் கோழியும் இருந்திருக்கமாட்டா.

குடியேறப் போன படகில் இவை எல்லாம் இருந்தன. தென்னை, வாழை, கரும்பு, சேம்பு, வள்ளி வகைகள், ஈரப்பலா, மரவுரி ஆடைக்கான காகித மல்பெரி என்று ஒரு தோட்டத்தையே ஏற்றிப் போனார்கள். மஞ்சளும் அதில் உண்டு. சாயத்துக்கும் மருந்துக்கும் அதை ஹவாய் வரை கொண்டுபோயிருக்கிறார்கள் என்று படித்தபோது ஒரு நெருக்கம் தோன்றியது. உப்புக் காற்று படாமல் நடுகன்றுகளை இலையிலும் ஈரத் துணியிலும் சுற்றிக் காப்பதே பயணத்தில் பெரிய வேலையாக இருந்திருக்கும். எல்லாத் தீவிலும் எல்லாம் பிழைக்கவில்லை. நியூசிலாந்தின் குளிரில் தென்னையும் ஈரப்பலாவும் வாழையும் வளரவில்லை. பன்றியும் கோழியும் அங்கே நிலைக்கவில்லை, நாயும் எலியும் மட்டுமே நிலைத்தன. ராப்பா நூயியிலோ கோழியும் எலியும் மட்டும்.

படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு நீண்ட படகுடல்களை இணையாக வைத்துக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, நடுவில் மேடையமைத்து, அதன்மேல் ஓலைக் கூரை வேய்ந்தார்கள். இரும்பு கிடையாது, ஆணி கிடையாது. கல் வாய்ச்சியால் செதுக்கிய பலகைகளின் ஓரங்களில் துளையிட்டுத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்தார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் இவ்வாறு நாரால் தைக்கப்பட்டவையே. அலை தூக்கிப் போடும்போது ஆணியடித்த உடல் வெடித்துவிடும், தைத்த உடல் சற்று வளைந்துகொடுக்கும் என்பதை இரண்டு கடற்கரைகளும் அறிந்திருந்தன. பாயைத் தாழையின மடல்களால் பின்னினார்கள். இத்தனையும் மட்கிப் போகும் பொருள்கள் என்பதால் பழைய படகு கிடைப்பது அரிது. 2012-இல் நியூசிலாந்தின் தென்தீவில், அனவேக்கா என்ற கழிமுகத்தருகே மணல்மேட்டிலிருந்து ஆறு மீட்டர் நீளமுள்ள படகுப் பலகை ஒன்று வெளிப்பட்டது. சுமார் 1400-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதில் கடலாமை ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தது. மாவோரிச் சிற்பங்களில் ஆமை மிக அரிதாகவே காணப்படும். வெப்பமண்டலப் பாலினேசியாவில் அது வழக்கமான உருவம். படகைச் செய்தவர் நியூசிலாந்து மரத்தில் வேலை செய்தார் என்றாலும், அவருடைய கை இன்னும் பழைய தீவை மறக்கவில்லை.

இனி வழி கண்ட முறை. திசைகாட்டிக்குப் பதிலாக அவர்களிடம் அடிவானம் இருந்தது. ஒரு விண்மீன் ஆண்டு முழுவதும் அடிவானத்தில் ஒரே இடத்தில் எழுந்து ஒரே இடத்தில் மறைகிறது. எழும் நேரம்தான் நாளுக்கு நாள் நான்கு நிமிடம் முந்துகிறது. ஆகவே ஒரு தீவை நோக்கிப் போகும்போது, அத்திசையில் எழும் விண்மீனைப் படகின் முன்முனையான அணியத்துக்கு நேராக வைத்துக்கொள்வார்கள். அது உயரே போனதும் அதே இடத்தில் எழும் அடுத்த விண்மீனைப் பிடித்துக்கொள்வார்கள். ஓர் இரவுக்குப் பத்துக்குக் குறையாத விண்மீன்கள் வரிசையாகத் தேவைப்படும். இந்த வரிசைகளைத் தீவுக்குத் தீவு மனப்பாடமாக வைத்திருப்பது மாலுமியின் கல்வி. நாம் சுவாதி என்று அழைக்கும் விண்மீன் ஹவாய்த் தீவுகளின் உச்சியில் கடந்துபோகிறது. இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ், தாஹிட்டியின் உச்சிக்கு அருகில் கடக்கிறது. உச்சியில் நிற்கும் விண்மீனைக் கொண்டு தாம் எந்த அகலாங்கில் (அட்சரேகையில்) இருக்கிறோம் என்பதை அறியலாம்.

தென்சிலுவையும் அதற்கு உதவும். அந்த விண்மீன் கூட்டம் நிமிர்ந்து நிற்கும்போது அதன் தலை விண்மீனுக்கும் அடி விண்மீனுக்கும் இடையே ஆறு பாகை. ஹவாயின் அகலாங்கில், அடி விண்மீனிலிருந்து அடிவானம் வரையிலும் அதே ஆறு பாகைதான். இந்த இரண்டு அளவுகளும் சமமாகத் தெரிந்தால் ஹவாயின் அகலாங்குக்கு வந்துவிட்டோம் என்று பொருள். பிறகு காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு மேற்கே திரும்பினால் போதும். இதைச் சரிபார்க்க யாரும் ஹவாய் போக வேண்டியதில்லை. வைகாசித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் தூத்துக்குடிக் கடற்கரையில் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்பது தெரியும். நாம் நிலநடுக்கோட்டுக்கு நெருங்கியிருப்பதால் இங்கே அதன் அடி விண்மீன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ பதினெட்டுப் பாகை உயரத்தில் இருக்கும், அதாவது சிலுவையின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. நான் கையை நீட்டி விரல்களால் அளந்து பார்த்திருக்கிறேன். ஆடாத தரையில் நின்றுகொண்டே அதைச் சரியாக அளப்பது எளிதாக இல்லை.

பகலிலும் மேகம் மூடிய இரவிலும் வழிகாட்டியது அலைதான். அவ்வப்போதைய காற்று எழுப்பும் சிற்றலையைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நிலையான காற்று எழுப்பி அனுப்பும் நெடிய அலைத்தொடர் நாள்கணக்கில் திசை மாறாமல் வந்துகொண்டிருக்கும். அது படகின் எந்தப் பக்கத்தைத் தூக்குகிறது என்பதை மாலுமி கண்ணால் பார்ப்பதைவிடப் படகின் அடித்தளத்தில் படுத்து உடலால் உணர்ந்தே அறிந்தார். தீவில் மோதித் திரும்பும் அலையும், தீவைச் சுற்றி வளையும் அலையும் சந்திக்கும் இடங்களை மார்ஷல் தீவினர் குச்சிகளையும் சிப்பிகளையும் கட்டிப் படமாகவே செய்து வைத்திருந்தார்கள். ஆனால் அதைக் கடலுக்கு எடுத்துச் செல்வதில்லை, கரையிலேயே படித்து மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள்.

பவளத்தீவுகள் கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே உயர்ந்தவை. தென்னந்தலைப்பு பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் வந்தால்தான் தெரியும். ஆனால் ஆலாக்கள் இரை தேடிக் காலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் வரை கடலுக்குப் போய், மாலையில் நேராகக் கூட்டுக்குத் திரும்பும். அந்தி நேரத்தில் அவை பறக்கும் திசையில் கரை இருக்கிறது. மற்ற மேகங்கள் நகரும்போது ஒன்று மட்டும் நகராமல் நிற்கும். அதன் அடியில் உப்பங்கழியின் பச்சை நிறம் படிந்திருக்கும். இப்படி ஒவ்வொரு தீவும் தன் உண்மையான அளவைவிடப் பன்மடங்கு பெரிய வட்டமாக விரிந்துவிடுகிறது. அருகருகே பல தீவுகள் இருந்தால் வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, தப்ப முடியாத நீண்ட திரையாகிவிடும். மாலுமி புள்ளியைக் குறிவைப்பதில்லை, அந்தத் திரையைக் குறிவைக்கிறார்.

என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது மேற்குப் பசிபிக்கின் கரோலைன் தீவினர் பயணத் தொலைவைக் கணக்கிடும் எத்தக் முறை. அதில் படகு நகர்வதில்லை. விண்மீன்களின் கீழே அசையாமல் நிற்கிறது. தீவுகள்தான் நகர்கின்றன. புறப்பட்ட தீவு பின்னால் விலகுகிறது, சேர வேண்டிய தீவு முன்னாலிருந்து நெருங்குகிறது, பயண வழிக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத தொலைவில் உள்ள மூன்றாவது தீவொன்று அடிவானத்தில் ஒரு விண்மீனின் இடத்திலிருந்து அடுத்த விண்மீனின் இடத்துக்குப் பின்னோக்கிப் போகிறது. அது எத்தனை விண்மீன் இடங்களைக் கடந்தது என்பதே பயணத்தில் எவ்வளவு முடிந்தது என்ற கணக்கு. வரைபடத்தைப் பறவைப் பார்வையில் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். படகில் உட்கார்ந்திருப்பவனுக்கோ இதுவே இயல்பான காட்சி. கணக்கு முழுவதும் தன்னை நடுவில் வைத்தே நடப்பதால், எந்த நேரத்தில் கேட்டாலும் வீடு எந்தப் பக்கம் என்று அவனால் சொல்ல முடிகிறது.

ரயாத்தேயா தீவைச் சேர்ந்த துப்பையா அப்படிச் சொல்லக்கூடியவர். 1769-இல் தாஹிட்டியிலிருந்து ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறிய அவர், தாம் அறிந்த தீவுகளைக் குறித்து 74 தீவுகள் கொண்ட ஒரு வரைபடம் உருவாக உதவினார். நியூசிலாந்தை அடைந்தபோது, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்த மாவோரிகளோடு தம் மொழியிலேயே பேசினார், குக் திகைத்துப்போனார். கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாஹிட்டி இருக்கும் திசையை அவர் கைகாட்டினார் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். 1770-இன் இறுதியில் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், நோயுற்று இறந்தார். அவரது வரைபடம் தவறானது என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. வடக்கு மேலே என்ற ஐரோப்பிய வழக்கப்படி அதைப் படித்ததுதான் தவறு. ஒவ்வொரு தீவிலிருந்தும் மற்றத் தீவுக்குப் போகும் திசையை அவர் குறித்தார் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பகுதி பொருந்திவருவதாக அண்மைக்கால ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள்.

ஹவாயில் இந்தக் கலை 1970-களுக்குள் அழிந்திருந்தது. 1973-இல் தொடங்கிய பாலினேசியக் கடற்பயணச் சங்கம், ஹோக்குலேயா என்ற இரட்டைப் படகைக் கட்டி 1975-இல் நீரில் இறக்கியபோது, அதைச் செலுத்தத் தெரிந்தவர் ஒருவரும் ஹவாயில் இல்லை. மைக்ரோனேசியாவின் சதவால் என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து மாவ் பியாயிலுக் வந்தார். குழந்தையாக இருந்தபோது பாட்டனார் அவரைக் கடலோரக் குட்டைகளில் உட்காரவைத்து நீரின் அசைவைப் பழக்கினாராம். அவருக்குத் தாஹிட்டி வழி தெரியாது. அந்தத் தென்வானம் புதிது. ஆனாலும் 1976 மே முதல் நாள் மாவுயி தீவிலிருந்து புறப்பட்டு, வழி முழுவதும் இயன்றவரை கிழக்கே ஏறிக்கொண்டே போனார், ஏனென்றால் தாஹிட்டிக்கு மேற்கே இறங்கிவிட்டால் காற்றை எதிர்த்து மீண்டும் ஏறுவது பெரும்பாடு. டுவாமோட்டு தீவுகள் என்ற திரையில் மட்டாய்வா என்ற தீவைப் பிடித்து, ஜூன் 4-ஆம் நாள் பப்பீட்டே துறைமுகத்தில் நுழைந்தபோது 17,000 பேர் கூடியிருந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: திரும்பும் பயணத்தில் மாவ் இல்லை, படகு கருவிகளின் துணையோடுதான் ஹவாய் வந்தது. 1978-இல் மீண்டும் புறப்பட்டபோது புயல்கடலில் ஹோக்குலேயா கவிழ்ந்தது; உதவி தேடி அலைப்பலகையில் தனியே போன படகுக்குழுவினர் எடி ஐக்காவு திரும்பவே இல்லை. மறு ஆண்டு மாவ் வந்து, நைனோவா தாம்ப்சன் என்ற இளைஞருக்கு உடனிருந்து கற்பித்தார். நைனோவா ஏற்கெனவே பிஷப் அருங்காட்சியகத்தின் கோளரங்கில் விண்மீன்களின் போக்கை மணிக்கணக்காகப் பார்த்துப் பயின்றவர். மேலே சொன்ன தென்சிலுவைக் கணக்கைப் பயன்படுத்தியவரும் அவர்தான். 1980-இல் கருவியின்றித் தாஹிட்டிக்குப் போனதோடு கருவியின்றியே திரும்பியும் வந்தார். என் பார்வையில் ஷார்ப்புக்கு முழு விடை கிடைத்தது 1976-இல் அல்ல, 1980-இல்தான்.

பழங்காலத்தில் அவ்வாறு போய்வந்ததற்குக் கல்லே சான்று. டுவாமோட்டுவின் பவளத்தீவு ஒன்றில் கிடைத்த கல் வாய்ச்சியின் கல், 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹவாயின் கஹோ'ஒலாவே தீவைச் சேர்ந்தது என்று 2007-இல் நிறுவினார்கள். தென்னமெரிக்காவின் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பாலினேசியத் தோட்டங்களில் விளைந்தது. 2020-இல் வெளியான மரபணு ஆய்வு, பொ.ஆ. 1200-ஐ ஒட்டி இன்றைய கொலம்பியப் பகுதி மக்களோடு பாலினேசியருக்குக் கலப்பு ஏற்பட்டதைக் காட்டியது. ஹெயர்டால் தொடர்பு இருந்தது என்ற அளவில் சரி. குடியேற்றத்தின் திசையில் தவறு. எதிர்க்காற்றிலேயே இவ்வளவு தூரம் வந்தவர்கள் கண்டத்தின் கரைவரை போய்க் கிழங்கோடு திரும்பினார்கள் என்று கருதவே எனக்குத் தோன்றுகிறது.

வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பாலினேசியாவின் தென்கிழக்கு ஓரத்திலுள்ள ஹென்டர்சன் தீவு காட்டுகிறது. உயர்ந்துநிற்கும் பவளப்பாறை, நல்ல தண்ணீர் அரிது, கருவிக்கு ஏற்ற கல் இல்லை. ஆயினும் நூற்றாண்டுகளாக அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். மாங்கரேவா தீவிலிருந்து முத்துச்சிப்பியும் பிட்கேர்ன் தீவிலிருந்து எரிமலைக் கல்லும் வந்தன. சுமார் 1450-க்குப்பின் அவை வருவது நின்றது. குப்பைமேட்டின் மேலடுக்குகளில் கல் வாய்ச்சிக்குப் பதிலாக உள்ளூர்ச் சிப்பியில் செய்த வாய்ச்சிகள் காணப்படுகின்றன. அதன்பின் மனிதச் சுவடே இல்லை. பிட்கேர்னும் காலியானது. 1790-இல் பவுண்டி என்ற ஆங்கிலேயக் கப்பலைக் கலகம் செய்து கைப்பற்றிய மாலுமிகள் அங்கே ஒளியப் போனபோது, கல் மேடைகளும் சிலைகளும் மட்டுமே இருந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் நியூசிலாந்தும் வெளித்தொடர்பை இழந்தது. ஆனால் அது பெரிய நிலம் என்பதால் மக்கள் பிழைத்தார்கள். பறக்க முடியாத மோவா பறவைகளின் ஒன்பது இனங்கள் மட்டும் குடியேற்றம் நடந்த இரண்டு நூற்றாண்டுக்குள் தின்று தீர்க்கப்பட்டன.

ராப்பா நூயி இந்தக் கடலின் கடைசி மூலை. பிட்கேர்னிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். சுற்றிலும் திரையாக உதவும் துணைத்தீவுகள் இல்லை. 1722-இல் டச்சு மாலுமி ரோகவீன் வந்தபோது அங்கே பெரிய மரங்கள் இல்லை, சிறு துண்டுப் பலகைகளைத் தைத்த, நீர் கசியும் ஓடங்களே இருந்தன. 1999-இல் ஹோக்குலேயா மாங்கரேவாவிலிருந்து அந்தத் தீவை நோக்கிப் புறப்பட்டது. எதிர்க்காற்றில் கோணல்மாணலாக ஏறவேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, பல வாரங்களுக்கு வேண்டிய உணவை ஏற்றியிருந்தார்கள். வழியில் காற்று மாறியது. ஆய்வாளர்கள் பேசும் அந்த மேற்குப் பக்கத்துக் காற்று இடையிடையே வீச, மூன்று வாரத்துக்கும் குறைவான நாள்களில் நைனோவாவும் அவருடைய தோழர்களும் கருவியின்றித் தீவைக் கண்டார்கள். அங்கே சிறிது காலம் தங்கிவிட்டு, பின்காற்றைப் பிடித்துத் தாஹிட்டி வழியாக அடுத்த ஆண்டு ஹவாய் வந்து சேர்ந்தார்கள்.